நடு ஆற்றில் கிடைக்கும் மிதவை உயிரிகள்

அன்புள்ள ஐயா,

தென் அமெரிக்காவின் பரானா ஆற்றைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். முதுகலை விலங்கியல் படிக்கிறேன். மேலே அணை வந்த பிறகு ஆற்று நீர் தெளிந்துவிட்டது என்று எழுதி, அதை ஓர் இழப்பாகச் சொல்கிறீர்கள். தெளிந்த நீர் நல்லதுதானே? நடு ஆற்றில் எடுத்த மாதிரிகளிலேயே, நீரோடு மிதக்கும் மிகச் சிறிய உயிர்களான விலங்கு மிதவை உயிரிகளில் நிறைய இனங்கள் இருப்பதாக ஆய்வுகளில் பார்த்தேன். அப்படியானால் ஆறு நன்றாக இருக்கிறது என்றுதானே பொருள்?

கே.

அன்புள்ள கே.,

பட்டியல் நீளம்தான். அதில் இருப்பவை எங்கே பிறந்து வளர்ந்தன என்று பார்க்க வேண்டும்.

ஓடும் நீரில் மிதவை உயிரிகள் பெருகுவது கடினம். அடுத்த தலைமுறை வருவதற்குள் நீர் அவற்றை அடித்துக்கொண்டு போய்விடும். ரோட்டிஃபர்கள் என்ற நுண்ணிய விலங்குகள் சில நாட்களிலேயே ஒரு தலைமுறையை முடித்துவிடுவதால் ஓரளவு தாக்குப்பிடிக்கின்றன. பெரிய ஆறுகளில் அவை மிகுந்திருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இறால் வகையைச் சேர்ந்த சின்னஞ்சிறு கோப்பிபாடுகள் முதிர்வதற்குப் பல இளநிலைகளைக் கடக்க வேண்டும். அதற்கு நீர் தேங்கி நிற்கும் இடம் வேண்டும்.

பரானாவின் மேல்பகுதியில், பிரேசிலின் போர்ட்டோ பிரிமவேரா அணைக்கும் இதைப்பு நீர்த்தேக்கத்துக்கும் நடுவே சுமார் 230 கிலோமீட்டர்தான் அணையில்லாமல் மிஞ்சியிருக்கிறது. வெள்ளச் சமவெளியும் அதன் ஏரிகளும் கிளைக்கால்களும் அந்த நீளத்தில்தான் இருக்கின்றன. மரிங்கா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் அங்கே நீண்ட காலமாக மாதிரி எடுத்து வருகிறார்கள். அவர்களின் பட்டியல்களில் ஆர்செல்லா, டிஃப்லூஜியா போன்ற ஓடுடைய அமீபாக்கள் ஏராளம். இவற்றில் பெரும்பாலானவை அடிமண்ணிலும் நீர்ச்செடிகளிலும் வாழ்பவை. ஓட்டம் அவற்றைப் பிய்த்துக்கொண்டு வந்து வலையில் சேர்க்கிறது. லெக்கேன் வகை ரோட்டிஃபர்களும் பெரும்பாலும் செடிகளை ஒட்டி வாழ்பவைதான். நடு ஆற்றில் நீங்கள் எண்ணுவதில் பெரும்பங்கு கரையும் ஏரியும் அனுப்பி வைத்தது. அந்த வரத்து நின்றால் பட்டியலும் சுருங்கும்.

அப்புறம், எந்தப் பருவத்தில் எடுத்த மாதிரி என்பதும் முக்கியம். வெள்ளம் ஏறினால் ஏரிகளும் ஆறும் ஒரே நீராகி, இடத்துக்கு இடம் உள்ள வேறுபாடு குறைந்துவிடுகிறது. வெள்ளம் வடிந்த பின் ஒவ்வோர் ஏரியும் தன் போக்கில் மாறுகிறது. வெள்ளச் சமவெளிகளின் இந்த இயல்பை பிரேசில் ஆய்வாளர்கள் மூவர் 2007இல் விரிவாகவே எழுதியிருக்கிறார்கள். ஒரே ஒரு தடவை எடுத்த மாதிரியை வைத்து ஒரு வடிநிலத்தின் பன்மையைப் பேசும் கட்டுரைகளை நான் நம்புவதில்லை.

தெளிந்த நீருக்கு வருகிறேன். 1998 இறுதியில் போர்ட்டோ பிரிமவேராவில் நீர் தேக்கத் தொடங்கினார்கள். அதன் பிறகு வண்டல் அணைக்குள்ளேயே படிகிறது, அதோடு பாஸ்பரசும். கீழே இறங்குவது சத்துக் குறைந்த நீர். வெள்ளமும் தணிந்துவிட்டது. குரிம்பா, பிண்டாடோ, டொராடோ போன்ற வலசை மீன்கள் மேலே ஓடும் நீரில் முட்டையிடுகின்றன. மிதந்து வரும் குஞ்சுகள் வெள்ளத்தோடு ஏரிக்குள் நுழைந்து வளர வேண்டும். அங்கே அவற்றின் முதல் தீனியே இந்த மிதவை உயிரிகள்தான். வெள்ளம் வராத ஆண்டில் ஏரியில் தீனி இருந்தும் குஞ்சு உள்ளே வர வழியில்லை. இதை இழப்பு என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

எண்ணிக்கை ஏமாற்றும் என்பதற்கு இன்னொன்றும் உண்டு. ஆசியாவிலிருந்து வந்த தங்கச் சிப்பி 1991இல் லா பிளாட்டா முகத்துவாரத்தில் தென்பட்டு, பிறகு பரானா வழியாக மேலே ஏறியது. நீரை வடிகட்டித் தின்பது அது. ரோட்டிஃபர் போன்ற சிறிய மிதவை உயிரிகளும் அதற்கு இரையாகின்றன. ஆனால் அதன் இளம்புழுக்கள் நீரில் நீந்துவதால் அவையும் உங்கள் வலையில் விழும். பட்டியலில் ஒரு வரி கூடுதலாகத் தெரியும், அவ்வளவுதான்.

இனி இப்படிப்பட்ட கட்டுரையைப் படிக்கும்போது இனங்களின் எண்ணிக்கைக்குப் போகுமுன் செய்முறைப் பகுதியைப் படியுங்கள். வலைக்கண்ணின் அளவு, மாதம், நீர்மட்டம், பக்கத்து ஏரிகளிலும் மாதிரி எடுத்தார்களா என்பதெல்லாம் அங்கே இருக்கும். ஆய்வுக்கு ஓர் ஆற்றை எடுத்துக்கொள்வதாக இருந்தால் வெள்ளத்துக்கு முன்னும் பின்னும் ஏரிகளிலும் வலை போடுங்கள். கிடைத்ததை எனக்கும் எழுதுங்கள்.