மானுக்கு என்ன விதைக்கலாம்? தீவன நிலம் பற்றிய கேள்வி பதில்

காட்டோரம் கொஞ்சம் நிலம் இருந்தால், மானும் வான்கோழியும் முயலும் வந்து மேயட்டும் என்று பயிர் வைத்துவிடுவதைத்தான் தீவன நிலம் என்கிறோம். வட அமெரிக்காவில் வெண்வால் மான் உலவும் இடங்களில் இது பரவலான வழக்கம். அந்த மானை மனத்தில் வைத்துத்தான் இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, காட்டை ஒட்டி அரை ஏக்கர் சும்மா கிடக்கிறது. மான் வர எந்த விதை வாங்குவது?

பதில்: விதையை அப்புறம் பார்க்கலாம், முதலில் மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். நான் முதன்முதலில் விதைத்தபோது இதைச் செய்யவில்லை. குளோவர் என்னும் தீவனச் செடியின் நல்ல விதை, நல்ல மழை, எல்லாம் இருந்தும் செடி விரல் நீளத்தைத் தாண்டவில்லை. மறு ஆண்டு மண்ணைப் பரிசோதித்தபோதுதான் பி.எச். அளவு (7-க்குக் கீழே குறையக் குறைய மண்ணில் அமிலம் அதிகம்) 5-ஐ ஒட்டி இருப்பது தெரிந்தது. காட்டோர மண் பல இடங்களில் இப்படி அமிலமாகத்தான் இருக்கும். அந்த மண்ணில் மணிச்சத்து இரும்போடும் அலுமினியத்தோடும் சேர்ந்து கட்டிக்கொள்ளும், வேருக்குக் கிடைக்காது. குளோவர் வேரில் முடிச்சு கட்டும் பாக்டீரியாவும் தழைக்காது. 6 முதல் 7 வரை இருந்தால் பெரும்பாலான தீவனப் பயிர்கள் நன்றாக வரும்.

கேள்வி: அமில மண் என்றால் உரத்தைக் கூட்டிப் போட்டுச் சமாளிக்க முடியாதா?

பதில்: முடியாது. போட்ட உரத்தில் பெரும்பகுதி வீணாகும். சுண்ணாம்புத்தூள்தான் மருந்து. அது மெதுவாக வேலை செய்யும் என்பதால், விதைப்பதற்கு ஆறு மாதம் முன்பே தூவி மண்ணோடு கலந்துவிடுங்கள். எவ்வளவு போடுவது என்பது பரிசோதனை அறிக்கையிலேயே இருக்கும். கையில் குறைந்த பணமே இருந்தால் விதையைக் குறைத்தாவது சுண்ணாம்பு வாங்குங்கள் என்பேன்.

கேள்வி: மண் சரியாக இருக்கிறது. ஆண்டு முழுக்க மான் வந்துகொண்டே இருக்க ஒரே பயிர் இருக்கிறதா?

பதில்: இல்லை. இந்தக் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுப் பார்ப்போம்: காட்டில் மானுக்கு எப்போது பசி?

வசந்தத்தில் எங்கு திரும்பினாலும் இளந்தளிர். அப்போது உங்கள் பயிர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. கோடையின் பின்பாதியில் தளிர் முற்றி நாராகிவிடும். அந்த நேரத்தில்தான் பெண்மான் குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும், ஆண்மானுக்குக் கொம்பு வளர்ந்து முடியும் தறுவாயில் இருக்கும். புரதம் நிறைய வேண்டிய காலம் அது. இலையுதிர் காலத்தில் ஓக் கொட்டை கொட்டினால், நீங்கள் என்ன விதைத்திருந்தாலும் மான் மரத்தடிக்குத்தான் போகும். அதைக் கண்டு மனம் உடைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், கவலைப்பட ஒன்றுமில்லை. கொட்டை தீர்ந்து குளிர் இறுகும்போதுதான் இரண்டாவது பசிக்காலம் வருகிறது.

ஆகவே நிலத்தை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதியில் வெள்ளைக் குளோவரும், சிக்கரி என்னும் கீரை போன்ற செடியும். வெள்ளைக் குளோவரைச் சரியாகப் பார்த்துக்கொண்டால் மூன்று முதல் ஐந்து ஆண்டு நிற்கும், ஆனால் வறட்சி வந்தால் சோர்ந்துவிடும். சிக்கரிக்கு ஆணிவேர் ஆழமாக இறங்குவதால் குளோவர் படுத்திருக்கும்போதும் அது பச்சையாக நிற்கும். இரண்டும் நல்ல ஜோடி. மறு பாதியில் கோடை முடியும் தருவாயில் ஓட்ஸும் ரை என்னும் தானியமும் கலந்து விதையுங்கள். ஓட்ஸ் இனிப்பானது, மானுக்குக் கொள்ளை ஆசை, ஆனால் கடும் உறைபனியில் மடிந்துவிடும். ரை அப்படியே பனியைத் தாங்கி நின்று, வசந்தத்தில் எல்லாவற்றுக்கும் முன்னால் பச்சை காட்டும்.

ஏக்கருக்கு அளவு கேட்பீர்கள்: தனியாக விதைத்தால் வெள்ளைக் குளோவர் மூன்றரைக் கிலோ, ஓட்ஸ் 45 கிலோ சுமாராகப் போதும். கலந்து விதைக்கும்போது ஒவ்வொன்றையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ரை என்று கேட்டேன், கடையில் ரைகிராஸ் கொடுத்தார்கள். இரண்டும் ஒன்றுதானே?

பதில்: இல்லவே இல்லை. ரை என்பது கோதுமைக்கு உறவான தானியம். ரைகிராஸ் புல். அது விதை உதிர்த்துப் பரவினால் பிறகு குளோவரிலிருந்து பிரித்தெடுப்பது பெரும்பாடு. மூட்டையைத் திறக்காமல் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். விதையைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். ரை, கோதுமை மணி போல் பருமனாக இருக்கும். ரைகிராஸ் விதை உமி மாதிரி லேசாக இருக்கும்.

கேள்வி: அண்ணா, குளோவர் இரண்டு முறை விதைத்தேன், முளைக்கவே இல்லை. நன்றாக உழுது, விதை தூவி, மறுபடி உழுது மூடினேன். எங்கே தப்பு?

பதில்: தப்பு அந்த இரண்டாவது உழவில்தான் தம்பி. குளோவர் விதை கடுகைவிடச் சிறியது. கால் அங்குலத்துக்குக் கீழே போனால் மேலே வர அதனிடம் சத்து இருக்காது. முதலில் மண்ணை உருளை ஓட்டி இறுக்குங்கள். நடந்தால் காலடி லேசாகப் பதிய வேண்டும், புதையக் கூடாது. பிறகு விதையைத் தூவி, மறுபடி ஒரு முறை உருளை ஓட்டினால் போதும், மூடவே வேண்டாம். ஓட்ஸ், ரை மாதிரிப் பெரிய விதைகளை ஒரு அங்குலம் வரை மூடலாம். இரண்டையும் கலந்து விதைப்பதாக இருந்தால் பெரியதை முதலில் போட்டு மூடி, சிறியதைக் கடைசியில் மேலே தூவுங்கள்.

இன்னொன்று, குளோவருக்கு உரிய ரைசோபியம் (வேரில் முடிச்சு கட்டும் அந்த பாக்டீரியா) கொண்டு விதைநேர்த்தி செய்தீர்களா? நிலத்தில் முன்பு குளோவர் இல்லாதிருந்தால் இது அவசியம். தழைச்சத்து உரம் குளோவருக்கு வேண்டாம். அதைத் தானே காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும். நீங்கள் போடும் யூரியா களைக்குத்தான் விருந்து.

கேள்வி: சோயா விதைத்தேன். மூன்று அங்குலம் வளர்வதற்குள் மொட்டையாகிவிட்டது. விதை சரியில்லையா, மான் அதிகமா?

பதில்: அதைத் தெரிந்துகொள்ள ஒரு எளிய வழி இருக்கிறது. அடுத்த முறை விதைத்தவுடன் நிலத்தின் நடுவில் கம்பி வலையால் மூன்றடி அகலத்தில் ஒரு கூண்டு அடித்து வையுங்கள். கூண்டுக்குள் செழிப்பு, வெளியே மொட்டை என்றால் பயிர் நன்றாக இருக்கிறது, வாய்கள்தான் அதிகம். உள்ளேயும் சவலையாக இருந்தால் மண்ணைப் பாருங்கள். நான் இப்போதும் ஒவ்வொரு நிலத்திலும் ஒரு கூண்டு வைக்கிறேன், அது இல்லாமல் எதையும் நம்புவதில்லை.

சோயாவின் குருத்தைக் கடித்துவிட்டால் பல நேரம் செடி மீளாது. அரை ஏக்கருக்கு அது ஏற்றதல்ல, பல ஏக்கர் உள்ளவர்களுக்கான பயிர். சிறிய நிலத்துக்குக் கடித்தாலும் திரும்பத் துளிர்க்கிற குளோவரும் ரையும்தான் சரி.

கேள்வி: டர்னிப் போட்டேன், இலை முழங்கால் உயரம் நிற்கிறது, ஒரு மான்கூடத் தொடவில்லை. உழுதுவிடட்டுமா?

பதில்: பொறுங்கள். கடுகுக் குடும்பச் செடிகள் உறைபனி பட்ட பிறகுதான் இனிக்கும். குளிரில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது. அதோடு, இதற்கு முன் அந்தச் செடியையே பார்த்திராத மான்கள் முதல் ஆண்டு தயங்கி நிற்பதும் உண்டு. ஒரே இடத்தில் தொடர்ந்து மூன்றாம் ஆண்டும் டர்னிப் போடாதீர்கள், வேர்வீக்க நோய் மண்ணில் தங்கிவிடும்.

கேள்வி: கடும் பனியில் மான்கள் எலும்பும் தோலுமாக வந்து நிற்கின்றன, பார்க்கப் பொறுக்கவில்லை. நாலு மூட்டை மக்காச்சோளம் கொட்டினால் புண்ணியம்தானே?

பதில்: அம்மா, உங்கள் மனம் புரிகிறது. ஆனாலும் கொட்டாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மான் அசைபோடும் பிராணி. அது தின்பதைச் செரிப்பது இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள்தான். குளிர்காலத்தில் அவை குச்சியையும் மொட்டையும் செரிக்கப் பழகியிருக்கும். திடீரென்று வயிறு நிறையச் சோளம் போனால் இரைப்பையில் அமிலம் பெருகி, வயிறு நிறைந்த மானே செத்து விழும். நுண்ணுயிர்கள் புது உணவுக்குப் பழக இரண்டு மூன்று வாரமாவது வேண்டும்.

இதைவிடப் பெரிய பயம் நோய். ஒரே குவியலில் பத்து மான் வாய் வைக்கின்றன. மானினத்தைத் தாக்கும் சி.டபிள்யூ.டி. என்ற மெலிவு நோய் 1967-இல் அமெரிக்காவின் கொலராடோவில் முதலில் காணப்பட்டது. 2016-இல் நார்வேயின் காட்டுக் கலைமானிடமும் கண்டார்கள். பிரியான் என்னும் உருமாறிய புரதத்தால் வருவது. எச்சில், சிறுநீர், சாணம் வழியாகப் பரவும், மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். தடுப்பூசியும் இல்லை, சிகிச்சையும் இல்லை. பல இடங்களில் தீவனம் கொட்டுவதையே சட்டம் தடுப்பதற்கு இதுதான் காரணம். பயிர் நிலம் பரந்து கிடப்பதால் மான்கள் குவியலைச் சுற்றி நிற்பதுபோல் நெருங்கி நிற்பதில்லை. ஆபத்து அடியோடு இல்லை என்று சொல்ல மாட்டேன், குறைவு.

இந்தக் குளிரிலேயே ஏதாவது செய்ய வேண்டும் என்றால், வேண்டாத மரங்கள் சிலவற்றை வெட்டிக் கிளையோடு தரையில் கிடத்துங்கள். நுனி மொட்டுகள் மானுக்குப் பழகிய உணவு. அடுத்த கோடையில் அந்த இடத்தில் வெயில் விழுந்து, எட்டும் உயரத்தில் தளிர் கிளம்பும். எனக்குத் தெரிந்து உழவே இல்லாத மிகச் சிறந்த தீவன நிலம் அதுதான்.

கேள்வி: குளோவரில் களை மண்டிவிட்டது. எப்போது வெட்டலாம்?

பதில்: களை பூத்து விதை கட்டுவதற்கு முன் வெட்ட வேண்டும், குளோவரை ஆறு அங்குலத்துக்குக் கீழே குறைக்காமல். ஆனால் குட்டி ஈனும் பருவத்தில் மட்டும் இயந்திரத்தை இறக்காதீர்கள். வெண்வால் மான் குட்டியைப் புல்லில் படுக்க வைத்துவிட்டுத் தாய் தள்ளிப் போய்விடும். பிறந்த சில நாள்களுக்குக் குட்டி ஓடாது, ஆபத்து நெருங்க நெருங்கத் தரையோடு இன்னும் ஒட்டிக்கொள்ளும். இயந்திரச் சத்தம் கேட்டு எழுந்து போய்விடும் என்று நினைப்பது தவறு. ஒரு முறை நான் இறங்கி நடந்து பார்க்காமல் வெட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது. மூன்றடி தூரத்தில், புள்ளிபுள்ளியாய், கண்ணை மட்டும் திறந்து படுத்திருந்தது. சில வாரம் தள்ளி வெட்டுங்கள், களை கொஞ்சம் விதை போட்டாலும் பரவாயில்லை. தனியாகக் கிடக்கும் குட்டியை அநாதை என்று நினைத்துத் தூக்கிவரவும் வேண்டாம்.

கேள்வி: மானைவிட எனக்குப் பறவைகள்மேல்தான் ஆசை. தனியாக ஏதாவது விதைக்கட்டுமா?

பதில்: பக்வீட் என்னும் சிறுதானியம் போன்ற பயிரை விதையுங்கள். ஐந்தாறு வாரத்தில் வெள்ளையாகப் பூத்துத் தேனீ மொய்க்கும், விதை உதிர்ந்தால் காடையும் புறாவும் பொறுக்கும். வான்கோழிக் குஞ்சுக்கு முதல் சில வாரம் தானியத்தைவிடப் பூச்சிதான் உணவு. பூச்சிக்குக் குளோவர் நிலத்தை விட்டால் வேறிடம் தேட வேண்டாம். அதனால் பூச்சிமருந்து தெளித்துவிடாதீர்கள். ஓரத்தில் பத்துப் பதினைந்து அடிக்குப் புதரை அப்படியே வளர விடுங்கள். பருந்தைக் கண்டால் ஓடி ஒளிய இடமில்லாத நிலத்தில் காடை இறங்காது. மானுக்கும் அதே கதைதான், அகன்ற சதுரத்தைவிடக் காட்டோரமாக வளைந்து நீண்ட நிலத்தில்தான் பகலில் துணிந்து வரும்.

கேள்வி: மரம் நட விரும்புகிறேன். எந்த ஓக்?

பதில்: இடம் இருந்தால் இரண்டு வகையும். வெள்ளை ஓக்கின் கொட்டையில் துவர்ப்பு குறைவு, ஒரே ஆண்டில் முற்றும், மான் முதலில் தேடிப்போவது அதைத்தான். சிவப்பு ஓக்கின் கொட்டை முற்ற இரண்டு ஆண்டு ஆகும், துவர்ப்பும் அதிகம், அதனால் குளிர்காலம் வரை மிஞ்சிக் கிடக்கும். ஒன்று பொய்த்த ஆண்டில் மற்றது காய்க்கும். கன்றுக்கு ஐந்தடி உயரக் குழாய்க்காப்பு போடாவிட்டால் முதல் குளிரிலேயே மான் மேய்ந்துவிடும்.

கேள்வி: இளஞ்சிவப்பு நிறத்தில் மருந்து பூசிய கோதுமை விதை அரை மூட்டை மிச்சம். பறவைகளுக்குத் தூவிவிடலாமா?

பதில்: கூடவே கூடாது. அந்த நிறமே இது விஷம் என்று எச்சரிப்பதற்காகப் பூசுவது. விதைத்தபோது நிலத்தின் முனைகளில் சிந்தியிருந்தால் அதையும் மண் தள்ளி மூடிவிடுங்கள். மிச்சத்தை மூட்டையை இறுகக் கட்டி, எலி அண்டாத உலர்ந்த இடத்தில் வைத்து, அடுத்த பருவத்துக்கு விதையுங்கள்.