மலேசியாவில் ஒரு வழக்கறிஞரை நீதிபதியாகப் பரிந்துரைப்பது யார்? ஒய்.பி. கடிதம் உதவுமா?

கேள்வி கேட்ட தம்பி பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்காரர். அவருடைய அக்கா அங்கேயே 12 ஆண்டுகளாக வழக்கறிஞர். "அக்கா ஜட்ஜ் ஆகணும்னா ஒய்.பி.கிட்ட ஒரு சிபாரிசுக் கடிதம் வாங்கலாம்" என்று வீட்டில் மாமா ஒருவர் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். ஒய்.பி. என்றால் தொகுதியின் நாடாளுமன்ற அல்லது சட்டமன்ற உறுப்பினர். அது உதவுமா என்று கேட்டிருக்கிறார்.

நான் நீதிமன்றத்தில் 31 வருஷம் தமிழ் ஜூருபாசாவாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்து ஓய்வு பெற்றவன். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம்தான் நமக்கும். அப்பா பால்மரம் வெட்டினார். ரப்பரை அழித்துச் செம்பனை போட்டபிறகு குலை அறுத்தார். அதனால் மாமா ஏன் அப்படிச் சொல்கிறார் என்று எனக்குப் புரிகிறது. நம் ஊரில் எதற்குத்தான் கடிதம் வாங்கவில்லை? அங்காடிக் கடை லைசென்சு, பையனுக்கு ஹாஸ்டல், பாட்டிக்குச் சமூகநல உதவிப் பணம், எல்லாவற்றுக்கும் ஒய்.பி.யின் சேவை மையத்து வாசலில் போய் நின்றவர்கள்தானே நாம். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் மாமாவின் பேச்சைக் கேட்காதீர்கள். உதவாது என்பதோடு நிற்காது, அக்காவின் பெயருக்கே கறை.

நடைமுறை இதுதான். கூட்டரசு அரசியலமைப்பின் 122பி பிரிவுப்படி உயர் நீதிமன்றத்துக்கும் அதற்கு மேற்பட்ட நீதிமன்றங்களுக்கும் நீதிபதிகளை நியமிப்பவர் மாமன்னர். பிரதமர் ஆலோசனை சொல்கிறார், மாநிலச் சுல்தான்கள் கூடும் ஆட்சியாளர்கள் மாநாட்டிடம் கலந்தாலோசிக்கிறார்கள். கலந்தாலோசிப்பது என்றால் ஒப்புதல் வாங்குவது இல்லை. அதற்குத் தனித் தீர்ப்பே உண்டு. பிரதமருக்குப் பெயர்கள் எங்கிருந்து வருகின்றன என்பதுதான் உங்கள் கேள்விக்கு முக்கியம். 2009 முதல் நீதித்துறை நியமன ஆணையம் என்று ஒன்று இருக்கிறது. மொத்தம் 9 பேர். தலைமை நீதிபதிதான் தலைவர். மேல்முறையீட்டு நீதிமன்றத் தலைவர், மலாயா தலைமை நீதிபதி, சபா சரவாக் தலைமை நீதிபதி ஆகியோர் பதவி வழியே உறுப்பினர்கள். பிரதமர் நியமிக்கும் ஒரு கூட்டரசு நீதிமன்ற நீதிபதி, அரசாங்கப் பதவியில் இல்லாத 4 முக்கியப் பிரமுகர்கள் ஆகியோர் மீதி. அந்த 4 பேரை நியமிக்குமுன் வழக்கறிஞர் மன்றம் போன்ற அமைப்புகளிடம் பிரதமர் கலந்தாலோசிக்க வேண்டும். இவர்கள் கூடிப் பேசிப் பெயர்களைத் தேர்ந்து பிரதமருக்கு அனுப்புகிறார்கள். இதில் ஒய்.பி.க்கு நாற்காலியே கிடையாது.

இந்த ஆணையம் எப்படி வந்தது என்று தெரிந்தால் மாமாவே வாயைத் திறக்கமாட்டார். 2007-இல் ஒரு வீடியோ வெளியானது. வழக்கறிஞர் ஒருவர் போனில் பேசிக்கொண்டிருக்கிறார். பேச்சு எதைப் பற்றி? யாரை எந்த நீதிபதிப் பதவியில் உட்காரவைப்பது என்பது பற்றி. "கரெக்ட், கரெக்ட், கரெக்ட்" என்று அவர் சொன்னது கோப்பிக் கடை வரைக்கும் வந்துவிட்டது; கடைக்காரர் மிச்சச் சில்லறை கொடுக்கும்போதுகூட அப்படித்தான் சொன்னார். அந்தச் செப்டம்பரில் வழக்கறிஞர்கள் புத்ராஜெயாவில் நீதி மாளிகையிலிருந்து பிரதமர் அலுவலகத்துக்கு நடந்தார்கள். எனக்குத் தெரிந்த ஈப்போ வழக்கறிஞர் ஒருவர் கறுப்புக் கோட்டு நனைந்து முதுகோடு ஒட்டத் திரும்பி வந்து, கண்டீனில் இரண்டு கிளாஸ் ஐஸ் தண்ணீர் குடித்தபிறகுதான் பேசினார். நான் அரசாங்க ஊழியன், போக முடியாது. 2008-இல் அரச விசாரணை ஆணையம் உட்கார்ந்தது, அடுத்த வருஷம் நியமன ஆணையச் சட்டம் நடப்புக்கு வந்தது. சிபாரிசுப் பேச்சில் நாறிப்போன வீட்டைக் கழுவத்தான் இந்த ஆணையத்தைக் கொண்டுவந்தார்கள். அங்கேயே ஒரு சிபாரிசுக் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு போகலாமா?

தமிழில் நல்லவேளையாக இரண்டு சொல் இருக்கிறது. ஆளைத் தெரியும் என்பதற்காகச் சொல்வது சிபாரிசு. வேலையைப் பார்த்துவிட்டுச் சொல்வது பரிந்துரை. ஆணையம் செய்ய வேண்டியது இரண்டாவது.

எதைப் பார்க்க வேண்டும் என்பது சட்டத்தின் 23-ஆம் பிரிவில் இருக்கிறது. நேர்மை, திறமை, அனுபவம், நடுநிலை, நல்லொழுக்கம், தயங்காமல் முடிவெடுப்பது, நேரத்தோடு தீர்ப்புச் சொல்வது, நன்றாக எழுதுவது, உழைப்பு, வழக்கை நிர்வகிக்கும் பாங்கு, உடல் மன நலம். இதெல்லாம் எல்லாரும் எதிர்பார்ப்பதுதான். நான் பேச வந்தது அதற்கடுத்த வரியைப் பற்றி. ஏற்கெனவே நீதிபதியாகவோ நீதித்துறை ஆணையராகவோ (பதவி நிரந்தரமாகாத உயர் நீதிமன்ற நீதிபதி) இருப்பவர் எழுதாமல் வைத்திருக்கும் தீர்ப்புகளோ தீர்ப்புக் காரணங்களோ 3 அல்லது அதற்கு மேல், கெடு தாண்டி 60 நாளோ அதற்கு மேலோ கிடந்தால், அவரை நியமிக்கக் கூடாது. புகழுக்கும் பட்டத்துக்கும் அங்கே இடமில்லை. பைலை எண்ணினால் போதும்.

அந்த வரியை முதன்முதலாகப் படித்தபோது எனக்கு ஒருவர் முகம் வந்து நின்றது. பெயர் வேண்டாம். எந்த ஊர் நீதிமன்றம் என்பதும் வேண்டாம். வழக்கறிஞராக இருந்து நேராக உயர் நீதிமன்றத்துக்கு வந்தவர்.

ஒருநாள் கொலை வழக்கு. சாட்சிக் கூண்டில் தோட்டத்து மண்டோர் (கங்காணி), வயசானவர். "அவன்தான் சார் மொதல்ல கை நீட்டினான்" என்றார். நான் யோசிக்கவே இல்லை, மலாயில் 'அவன்தான் முதலில் அடித்தான்' என்று சொல்லிவிட்டேன். எந்தத் தமிழனும் அப்படித்தான் சொல்வான். யாங் ஆரிஃபுக்கு, அதாவது அந்த நீதிபதிக்கு, தமிழ் ஓர் எழுத்துத் தெரியாது. ஆனால் பேனா நின்றுவிட்டது. "ஜூருபாசா, பெரியவர் கையைத் தூக்கிக் காட்டினாரே தவிர இறக்கவில்லையே. அவர் சொன்ன சொல் என்ன?" என்று கேட்டார். எனக்குக் காது சூடாகிவிட்டது. கை நீட்டுவது என்றால் எங்கள் மொழியில் அடிப்பதும் உண்டு, காசு கேட்பதும் உண்டு, வெறுமனே நீட்டுவதும் உண்டு என்று விளக்கினேன். "அப்படியானால் அவரையே கேளுங்கள்" என்றார். கேட்டேன். "அடிக்கல சார். அடிக்க ஓங்கினான். படல" என்றார் பெரியவர். தற்காப்பு என்று வாதாடுகிற வழக்கில் பட்டதா படவில்லையா என்பதுதான் தலையாய கேள்வி. அதை நான் ஒரு சொல்லில் தின்றிருப்பேன். என் 31 வருஷத்தில் தமிழ் தெரியாமல் என் தமிழ்த் தப்பைப் பிடித்தவர் அவர் ஒருவர்தான்.

அதே மனிதர்தான் எழுதவும் மாட்டார். தீர்ப்பு வாயால் சொல்லிவிடுவார், காரணங்கள் தாளில் வராது. மேல்முறையீட்டுக்குப் பதிவேடு கட்ட வேண்டுமானால் அலாசான் பெங்ஹாக்கிமான், அதாவது நீதிபதி எழுதிய தீர்ப்புக் காரணங்கள், வேண்டும். அது வராமல் வழக்கு நகராது. செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்குகிற ஓர் அம்மா, மகன் தைப்பிங் சிறையில். மாதா மாதம் சம்பளம் போட்ட மறுநாள் பஸ் ஏறி வந்துவிடுவார். சிவப்பு பிளாஸ்டிக் பை, உள்ளே பிஸ்கட் டின், டின்னுக்குள் எல்லாக் கடுதாசியும். நகக்கண்ணில் செம்பனைக் கறை. கவுண்டரில் இருக்கும் பெண்ணுக்குத் தமிழ் வராது என்று என்னைக் கூப்பிடுவார்கள். "ஐயா, தாள் வந்துருச்சா?" "இன்னும் இல்லம்மா." "சரிங்கய்யா." அவ்வளவுதான் பேச்சு. திட்டியிருந்தால்கூட எனக்கு லேசாக இருந்திருக்கும். இப்படி ஒரு வருஷத்துக்கும் மேலே போயிற்று. அதே வாரம் யாங் ஆரிஃப் கூண்டில் நிற்கும் யாரோ ஒருவரிடம் அவ்வளவு பொறுமையாகக் கேள்வி கேட்டுக்கொண்டிருப்பார். எனக்கு அவரை மதிக்கவும் தோன்றும், எழுந்துபோய் அந்தப் பிஸ்கட் டின்னை அவர் மேசைமேல் வைக்கவும் தோன்றும். இரண்டையும் செய்யவில்லை. ஜூருபாசா என்ன செய்ய முடியும்?

அப்போது அந்தச் சட்டம் இல்லை. இருந்திருந்தால் அவர் மேலே போக வழி அடைபட்டிருக்கும். நான் பார்த்ததிலேயே நன்றாகக் காது கொடுத்தவர் அவர். ஆனாலும் அந்த வரி சரியான வரி என்றுதான் சொல்வேன். என் குறை வேறு. அந்தத் தராசு உள்ளே வந்துவிட்டவர்களுக்கு மட்டும்தான். வெளியிலிருந்து வரும் வழக்கறிஞரை எதில் நிறுப்பது? அவருடைய வாதம் அச்சில் வந்திருக்கலாம், ஆனால் கட்சிக்காரருக்குத் திரும்ப போன் போட்டாரா, ஒத்திவைப்பு எத்தனை தடவை கேட்டார், எதிர்த்தரப்புச் சாட்சியை எப்படி நடத்தினார் என்பதெல்லாம் பெஞ்சு கிளார்க்குக்கும் ஜூருபாசாவுக்கும்தான் தெரியும். எங்களை யாரும் கேட்டதில்லை. (கேட்டிருந்தால் சில பேருக்கு ஆபத்து, அதையும் ஒத்துக்கொள்கிறேன்.)

தகுதிக்கு வருவோம். 123-ஆம் பிரிவு: குடியுரிமை வேண்டும், நியமனத்துக்கு முந்திய 10 ஆண்டுகள் வழக்கறிஞராகவோ அரசாங்கத்தின் நீதி, சட்டச் சேவையிலோ, இரண்டிலும் மாறி மாறியோ இருந்திருக்க வேண்டும். சட்ட விரிவுரையாளர் ஒருவரை நீதித்துறை ஆணையராக்கியபோது, இவர் கோர்ட்டில் தொழில் நடத்தியதில்லையே என்று வழக்கறிஞர் மன்றம் வழக்குப் போட்டது. வழக்கறிஞராகப் பதிவாகிப் 10 ஆண்டு ஆகியிருந்தால் போதும் என்று கூட்டரசு நீதிமன்றம் 2008-இல் சொல்லிவிட்டது. உங்கள் அக்கா 12 வருஷமாகத் தினமும் பைல் தூக்குகிறவர். அவருக்கு இந்தக் கவலையே இல்லை.

வழக்கறிஞராக இருந்து வருகிறவர்தான் துணிந்து தீர்ப்புச் சொல்வார், சேவையிலிருந்து வருகிறவர் அரசாங்கம் பக்கம் சாய்வார் என்று நம்மவர்கள் அடிக்கடி சொல்வது. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கோபால் ஸ்ரீராம் வழக்கறிஞர் தொழிலிலிருந்து 1994-இல் நேராக மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கே போனவர், அப்படிப் போன முதல் ஆள். அவர் எழுதிய தீர்ப்புகளை இன்றும் காட்டி வாதாடுகிறார்கள். நளினி பத்மநாதனும் வழக்கறிஞராக இருந்து வந்து 2018-இல் கூட்டரசு நீதிமன்றம் ஏறியவர். சரி. ஆனால் ஈப்போ பாலர்பள்ளி ஆசிரியை இந்திரா காந்தியின் வழக்கில், ஒரு பெற்றோர் மட்டும் பிள்ளைகளை மதம் மாற்றியது செல்லாது என்று 2018 ஜனவரியில் வந்த தீர்ப்பை எழுதிய ஜைனுன் அலி சேவை வழியாக வந்தவர்தான். வந்த வாசலை வைத்து ஆளை எடை போட முடியாது.

வழக்கமாக முதலில் நீதித்துறை ஆணையராகத்தான் எடுப்பார்கள், பொதுவாக 2 ஆண்டுக்கு. உயர் நீதிமன்ற நீதிபதி செய்யும் வேலை எல்லாம் செய்வார், யாங் ஆரிஃப் என்றுதான் கூப்பிடுவோம், ஆனால் பதவி நிரந்தரமில்லை. அக்கா இதை நன்றாக யோசிக்க வேண்டும். ஆபீசை மூட வேண்டும், கிராணிக்கு (குமாஸ்தாவுக்கு) வேறு இடம் பார்க்க வேண்டும், பாதியில் நிற்கும் வீட்டு விற்பனைப் பைல்களை ஒப்படைக்க வேண்டும். சின்ன ஊரில் அக்கா மூடினால் அந்தக் கட்சிக்காரர்கள் ஈப்போவுக்குத்தான் ஓட வேண்டும். இரண்டு வருஷம் கழித்து உறுதியாகவில்லை என்றால் மறுபடி முதலிலிருந்து. அரசாங்கத்துக்கு எதிரான வழக்கு அந்த இரண்டு வருஷத்துக்குள் வந்தால் என்ன மனநிலையில் உட்கார்ந்திருப்பார் என்ற கேள்வியும் பழைய கேள்விதான்.

பிரதமருக்கு இதில் இடமே இருக்கக் கூடாது என்பது தொடர்ந்து நடக்கும் சண்டை. ஆணையம் அனுப்பும் பெயரை அவர் ஏற்றே ஆக வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. நாட்டின் முதல் பெண் தலைமை நீதிபதி தெங்கு மைமுன் 2025 ஜூலையில் ஓய்வு பெற்று, அடுத்தவர் யாரென்று உடனே அறிவிக்காமல் இருந்தபோது, ஜூலை 14 அன்று வழக்கறிஞர்கள் மறுபடியும் அதே நீதி மாளிகையிலிருந்து அதே பிரதமர் அலுவலகத்துக்கு நடந்தார்கள். 18 வருஷம் கழித்து அதே ரோடு. இந்தத் தடவை எனக்குத் தடையில்லை, முழங்கால்தான் தடை. டிவியில் பார்த்தேன். பரிந்துரை எவ்வளவு சுத்தமாக நடந்தாலும், கடைசியில் எடுத்துக்கொள்வதும் ஒதுக்குவதும் ஓர் அரசியல்வாதி கையில் இருந்தால் சந்தேகம் போகாது என்பது என் வாதம்.

இனி அக்கா செய்ய வேண்டியது. விண்ணப்பத்தை அவர் பெயரில், அவரே எழுதட்டும். போலீஸ், ஊழல் தடுப்பு ஆணையம், திவால் துறை, கம்பெனிகள் ஆணையம் வரைக்கும் பெயரை அனுப்பிப் பார்ப்பார்கள். பழைய சம்மன், மூடாத கம்பெனி, யாருக்கோ போட்ட ஜாமீன் கையெழுத்து ஏதாவது இருந்தால் இப்போதே முடிக்கச் சொல்லுங்கள். நம் ஊரில் தம்பி வாங்கிய லாரிக்கு அக்கா கையெழுத்துப் போட்டிருப்பது சாதாரணம். தம்பி, நீங்கள்தான் அந்தத் தம்பியா?

கோலாலம்பூர்ப் பெரிய ஆபீஸ்காரர்கள் மாதிரி கோடிக்கணக்கு வெள்ளி (ரிங்கிட்) வழக்குகள் அக்கா கையில் இருக்காது. லயத்தை (தோட்டத்து வரிசை வீட்டை) காலி செய்யச் சொன்ன வழக்கு, விபத்து இழப்பீடு, விவாகரத்து, ஜாமீன், இவைதான் இருக்கும். வெட்கப்படாமல் அவற்றையே எழுதச் சொல்லுங்கள். எந்த வழக்கு, என்ன வாதம், என்ன தீர்ப்பு, தேதியோடு. பலவகைச் சட்ட அறிவு உள்ளவர்கள் நீதிமன்றத்தில் இருக்க வேண்டும் என்பதையும் ஆணையம் கணக்கில் எடுக்க வேண்டும் என்று அதே 23-ஆம் பிரிவு சொல்கிறது. லயத்துச் சனத்தின் வழக்கைத் தெரிந்தவர் அந்த நாற்காலியில் எத்தனை பேர் இருப்பார்கள்?

மாமாவைச் சும்மா விட்டுவிடாதீர்கள். பழைய பைல்களைத் தேதிவாரியாக அடுக்க ஆள் வேண்டும், அதற்கு அவரைக் கூப்பிடுங்கள். அக்கா அனுப்பியதும் இங்கே ஒரு வரி எழுதுங்கள் தம்பி.