அப்பாவின் கோபமும் லோ சுகரும்

கேள்வி: அப்பாவுக்கு வயது 68. கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின், வோக்லிபோஸ் மூன்றும் சேர்ந்த சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறார். பிரஷருக்கு மெட்டோப்ரோலால். கொஞ்ச நாளாக, மதியச் சாப்பாடு தள்ளிப்போனால் எல்லோர் மேலும் எரிந்து விழுகிறார். பேச்சு குழறுகிறது, சட்டை நனைய வியர்க்கிறது. சாப்பிட்டால் சரியாகிவிடுகிறார். கை நடுக்கம், படபடப்பு எதுவுமில்லை. இது லோ சுகரா, வயசுக் கோளாறா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: சாப்பிட்டதும் சரியாகிறது என்கிறீர்களே, அங்கேயே பாதி விடை இருக்கிறது. லோ சுகராக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். நடுக்கமும் படபடப்பும் இல்லாததால் குழம்ப வேண்டாம். மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரைகள் அந்த இரண்டையும் அமுக்கிவிடும். வியர்வையை அமுக்காது. பெரியவர்களுக்குப் பல நேரம் கோபம், பிதற்றல், தடுமாற்றம் என்றுதான் ஆரம்பிக்கும். வீட்டில் 'வயசாகிவிட்டது' என்று விட்டுவிடுவார்கள்.

அடுத்த முறை அப்படி ஆனால், அந்த நிமிடமே குளுக்கோமீட்டரில் பாருங்கள். காலையில் வெறும் வயிற்றில் பார்த்த அளவு இதற்கு உதவாது. 70-க்குக் கீழே என்றால் லோ சுகர். 54-க்குக் கீழே ஆபத்து. மீட்டர் கையில் இல்லையா, சோதிக்கக் காத்திருக்காமல் குளுக்கோஸ் கொடுத்துவிடுங்கள்.

குளுக்கோஸ் என்று அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. வோக்லிபோஸ், நாம் சாப்பிடும் சீனி உடைந்து குளுக்கோஸாக மாறுவதைத் தாமதப்படுத்தும். அதனால் சீனித் தண்ணீரோ மிட்டாயோ அவருக்குச் சட்டென்று வேலை செய்யாது. மருந்துக்கடையில் கிடைக்கும் குளுக்கோஸ் பொடியில் சுமார் 15 கிராம், அதாவது குவித்து 3 டீஸ்பூன், தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்துத் திரும்பச் சோதியுங்கள். இன்னும் 70-க்குக் கீழேதான் என்றால் மறுபடி அதே அளவு. ஏறிய பிறகு இட்லியோ சோறோ சாப்பிடட்டும். ஸ்வீட், சாக்லேட் வேண்டாம். கொழுப்பு சேர்ந்தால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும்.

மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள். சர்க்கரை ஏறிய பிறகும் பேச்சு குழறினாலோ, வாய் கோணினாலோ, ஒரு பக்கக் கை கால் பலமிழந்தாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இந்த மூன்றில் சர்க்கரையை அதிகம் இறக்கிவிடக்கூடியது கிளிமிபிரைடுதான். சிறுநீரகம் கொஞ்சம் தளர்ந்தாலும் மருந்தின் வேகம் கூடும். எனவே கிரியேட்டினினும் (சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை) எச்பிஏ1சி-யும் (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி) பார்த்துவிட்டு, இந்த வாரமே உங்கள் டாக்டரிடம் டோஸைக் குறைக்கலாமா என்று கேளுங்கள். எச்பிஏ1சி 6.5 என்று வந்தால் சந்தோஷப்படாதீர்கள். அடிக்கடி லோ ஆகும் இந்த வயதுக்காரருக்கு அது ரொம்ப இறுக்கம். 7.5, 8 வரை விட்டுக்கொடுக்கலாம் என்பேன். மெட்டோப்ரோலாலை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள், திடீரென்று விட்டால் இதயத்துக்கு ஆபத்து.

அப்புறம், அப்பா பைக் ஓட்டுபவர் என்றால், இது சரியாகும்வரை சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் கோபப்படுவார், பரவாயில்லை.