வங்கியை மாற்றினால் பழைய கணக்கு மறைந்துவிடுமா?

கேள்வி: பல்லடம் அருகே எட்டு மிஷின் போட்டு, ஜாப் ஒர்க் முறையில் பனியன் தைத்துக் கொடுக்கிறேன். மூன்று லட்ச ரூபாய் ஓ.டி. (கணக்கில் பணம் இல்லாவிட்டாலும் ஒரு வரம்பு வரை எடுத்துக்கொள்ளும் கடன் வசதி) வைத்திருக்கிறேன். கம்பெனியிலிருந்து வர வேண்டிய பில் பணம் தள்ளிப்போனதால், நூல் கடைக்குக் கொடுத்த இரண்டு செக்குகள் திரும்பிவிட்டன. மிஷின் கடனில் ஒரு தவணையும் அப்படியே திரும்பியது. கடைக்காரருக்கு ஒரு வாரத்திலேயே ரொக்கமாகக் கொடுத்துவிட்டேன். இப்போது ஓ.டி.யைப் புதுப்பிக்க மேலாளர் தயங்குகிறார். பேசாமல் வேறு வங்கிக்குப் போய்விடலாமா, ஐயா?

பதில்: போகலாம், ஆனால் பழைய கணக்கும் உங்கள் கூடவே வரும். ஓ.டி. கேட்டு வருபவரிடம் எந்த வங்கியும் முதலில் கேட்பது நடப்புக் கணக்கின் ஸ்டேட்மென்ட்டைத்தான். காசோலை திரும்பியதற்காகப் பிடித்த கட்டணம், அதற்கான ஜி.எஸ்.டி. என ஒவ்வொன்றும் அதில் அச்சாகியிருக்கும். ஈரோட்டில் கிளை மேலாளராக இருந்தபோது நானும் அந்தப் பதிவுகளுக்கு அடியில்தான் முதலில் பென்சிலால் கோடு போடுவேன். ஆனால் கோட்டோடு நிறுத்திக்கொள்ள மாட்டேன். திரும்பிய பிறகு எத்தனை நாளில் கணக்கில் பணம் ஏறியது என்பதையும் பார்ப்பேன். பில் பணம் தாமதமானதால் ஒரே மாதத்தில் இரண்டு காசோலைகள் திரும்பியவரையும், மாதந்தோறும் திருப்பிவிடுபவரையும் நான் ஒரே தட்டில் வைத்து எடைபோட்டதில்லை.

திரும்பிய காசோலையையும் திரும்பிய தவணையையும் நீங்கள் ஒன்றாகச் சொல்கிறீர்கள். அவை வேறு வேறு. வியாபாரத்துக்காகக் கொடுத்த காசோலை திரும்பினால் அந்தத் தகவல் நேரடியாக சிபில் அறிக்கையில் (உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் பதிவில்) ஏறுவதில்லை. கடன் தவணை தவறினால்தான் எத்தனை நாள் தாமதம் என்ற கணக்கோடு அங்கே பதிவாகும், 36 மாத வரலாறாக அடுத்த வங்கியின் கண்ணிலும் படும். 2025 ஜனவரி முதல் வங்கிகள் இந்தத் தகவலை பதினைந்து நாளுக்கு ஒரு முறையாவது புதுப்பிக்க வேண்டும் என்பதால், மாதக் கடைசிக்குள் கட்டிவிட்டால் தெரியாது என்ற பழைய கணக்கு இனி உதவாது. ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகப் பெறலாம். வாங்கி, அந்த ஒரு தவணை எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

நூல் கடைக்காரருக்கு ரொக்கமாகக் கொடுத்தது நல்லதுதான். ஆனால் திரும்பிய காசோலைகளைக் கையில் வாங்கிவிட்டீர்களா? பணம் பெற்றதற்கு ரசீது இருக்கிறதா? உங்கள் கேள்வியில் என்னை உறுத்துவது இதுதான். காசோலையில் உள்ள தேதியிலிருந்து மூன்று மாதம் வரை அதை மறுபடியும் வங்கியில் போட முடியும். அது மீண்டும் திரும்பி, தகவல் கிடைத்த 30 நாளுக்குள் அவர் நோட்டீஸ் அனுப்பி, உங்களுக்கு நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் பணம் தரவில்லை என்றால், மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-ஆம் பிரிவின் கீழ் வழக்குப் போடலாம். இரண்டு ஆண்டு வரை சிறையோ, காசோலைத் தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். பணத்தைக் கொடுத்துவிட்டேன் என்று வாயால் சொல்வதை நீதிமன்றத்தில் நிரூபிக்க அலைவதைவிட, இன்றைக்கே கடைக்குப் போய் அந்த இரண்டு தாள்களையும் கேட்டு வாங்குவது எளிது.

திருப்பூர்ப் பக்கம் நான் அடிக்கடி கண்ட வழக்கம் ஒன்று உண்டு. சனிக்கிழமை வாரச் சம்பளத்துக்காக ஓ.டி.யை வரம்பின் விளிம்பு வரை எடுத்துவிட்டு, திங்கட்கிழமை வரப்போகும் காசோலைக்கு எப்படியும் பார்ட்டி பணம் வந்துவிடும் என்று இருந்துவிடுவார்கள். முன்பு கிளியரிங்குக்கு, அதாவது காசோலை உங்கள் வங்கிக்குப் போய்த் தீர்வாவதற்கு, ஒரு நாள், இரண்டு நாள் அவகாசம் கிடைத்தது. 2025 அக்டோபர் 4 முதல் காலையில் போட்ட காசோலைக்கு அன்று மாலைக்குள்ளேயே உங்கள் வங்கி சரி அல்லது இல்லை என்று சொல்லியாக வேண்டும். ஓ.டி. வரம்பைத் தாண்டியே கணக்கு தொடர்ந்து 90 நாளுக்கு மேல் நின்றால் அது வாராக் கடனாக வகைப்படுத்தப்படும். காசோலை திரும்பியதைப் பொறுத்துக்கொள்ளும் மேலாளர்கூட இதைப் பொறுக்கமாட்டார்.

ஆகவே இருக்கும் வங்கியிலேயே இருங்கள். கம்பெனி பில்களின் நகல், பணம் வந்து சேர்ந்த தேதிகள், கடைக்காரரின் ரசீது இவற்றை ஒரு கடிதத்துடன் இணைத்து மேலாளரிடம் கொடுத்து, ஆறு மாதத்துக்குக் குறைந்த வரம்போடாவது புதுப்பித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: வெகுநாளாகப் பயன்படுத்தாத என் அம்மாவின் சேமிப்புக் கணக்கு, குறைந்தபட்ச இருப்பு இல்லாததற்கான கட்டணத்தால் மைனஸ் 708 ரூபாய் காட்டுகிறது. கட்டித்தான் ஆக வேண்டுமா? (கோபிசெட்டிபாளையம் வாசகி)

பதில்: வேண்டியதில்லை, அம்மா. அந்தக் கட்டணத்தால் மட்டும் சேமிப்புக் கணக்கு மைனஸுக்குப் போகக் கூடாது என்பது 2015 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் ரிசர்வ் வங்கி விதி. கிளையில் எழுத்து மூலம் புகார் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்; 30 நாளில் தீர்வு வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குக் கட்டணமின்றி எழுதலாம்.