சில்லறைக் கணக்கில் எக்ஸ்

கேள்வி: '20 சென், 50 சென் நாணயங்கள் மொத்தம் 30, மதிப்பு 9 வெள்ளி, எது எத்தனை?' படிவம் 1 படிக்கும் மகன் இந்தக் கணக்கில் முழிக்கிறான், எனக்கும் பிடிபடவில்லை.
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: 20 சென் நாணயங்களை எக்ஸ் என்று வையுங்கள், மீதி 50 சென் நாணயங்கள் 30 − எக்ஸ்; இதற்குப் போய் ஒய் என்று இன்னோர் எழுத்தை இழுத்து வந்தால் பையன் இன்னும் குழம்புவான். அப்புறம், 9 வெள்ளியை முதலில் 900 சென்னாக மாற்றச் சொல்லுங்கள், பிள்ளைகள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான்.

20எக்ஸ் + 50(30 − எக்ஸ்) = 900
1500 − 30எக்ஸ் = 900
எக்ஸ் = 20

ஆக, 20 சென் 20, 50 சென் 10. சரியா என்று பார்க்க, 4 வெள்ளியும் 5 வெள்ளியும் 9.

எக்ஸே வேண்டாம் என்று அடம்பிடித்தால், முப்பதும் 50 சென் என்று நினைக்கட்டும்: 15 வெள்ளி, 6 வெள்ளி கூடுதல். ஒரு நாணயத்தை 20 சென்னாக மாற்றினால் 30 சென் குறையும், அப்படியானால் 600 சென் குறைய எத்தனை மாற்ற வேண்டும் என்று அவனையே கேளுங்கள்.