சீப்ரா மீனில் புற்றுநோய் மாதிரி: கேட்டவையும் பதில்களும்

திருநெல்வேலி மருத்துவ மாணவி: அக்கா, எலி வளர்க்க வசதியில்லை. மரபணு திருத்தி, புற்றுநோய் வாற விலங்கை வேற எதிலயும் உருவாக்க ஏலுமோ?

ஏலும், சீப்ரா மீனில். ஒரு சோடி ஒரு தரத்தில் நூறு முட்டைக்கு மேலும் இடும். முளையம் வெளியே வளரும், உள்ளே நடப்பதெல்லாம் தெரியும். ஆனால் மீனுக்கு நுரையீரலும் முலைச்சுரப்பியும் இல்லை. அந்தப் புற்றுநோய்களுக்கு எலிதான்.

கோண்டாவில் வாசகர்: புற்றுநோயைத் தடுக்கிற பி53 மரபணுவை நேரே வெட்டலாமோ?

வேண்டாம். முதலில் கறுப்பு நிறம் தரும் டைரோசினேஸ் மரபணுவை வெட்டிப் பாருங்கள். இரண்டாம் நாள் முளையத்தில் கறுப்பு நிறம் இல்லையென்றால் காஸ்9 (டி.என்.ஏ.யை வெட்டும் புரதம்), கைட் ஆர்.என்.ஏ. (அதை வெட்டவேண்டிய இடத்துக்குக் கொண்டுபோவது), உங்கள் கை மூன்றும் சரி. காஸ்9 புரதத்தையும் கைட்டையும் சம மோலில் கலந்து 37 பாகையில் 10 நிமிடம் வைத்து, ஒரு கல நிலையில் 1 நானோலீற்றர் செலுத்துங்கள். ஊசியை மினரல் எண்ணெயில் அழுத்தி அளவு பாருங்கள்: துளியின் விட்டம் 0.12 மி.மீ. ஆனால் ஏறக்குறைய 1 நானோலீற்றர். முட்டையிட்டு முக்கால் மணிக்குள் முடித்துவிடுங்கள். பிந்தினால் கலம் பிரிந்து, வெட்டுப்பட்டதும் படாததுமாகக் கலந்த மொசைக் மீன்தான் கிடைக்கும்.

பருத்தித்துறை ஆய்வு உதவியாளர்: அக்கா, ரீ7 சோதனையில் (டி.என்.ஏ. இழைகள் பொருந்தாத இடத்தை நொதியத்தால வெட்டிப் பாக்கிறது) வெட்டு வடிவாத் தெரிஞ்சுது. மீன் வளர்ந்தும் கட்டி வரேல்லை. ஏன்?

நேரத்துக்கு ஊசி போட்டாலும் முதல் தலைமுறை பெரும்பாலும் மொசைக்தான். அதை வைத்து முடிவு சொல்வதுதான் அதிகம் நடக்கிற பிழை. சாதாரண மீனோடு கலந்து, குஞ்சுகளின் வாற்துண்டில் டி.என்.ஏ. வரிசை பாருங்கள். கலம் மரபணுவை மூன்று மூன்று எழுத்தாக வாசிக்கும்; 3, 6, 9 எழுத்து போனவற்றில் அந்த வாசிப்புச் சட்டகம் மாறாது, விட்டுவிடுங்கள். 4, 7, 8 போன்றவற்றை எடுத்து, ஒரே மாற்றமுள்ள ஆணையும் பெண்ணையும் சேர்த்தால் அடுத்த தலைமுறையில் காற்பங்குக்கு இரு பிரதியும் கெட்டிருக்கும். தலைமுறைக்கு மூன்று மாதம் பிடிக்கும்.

அந்தக் காற்பங்கை ரீ7 தனியே காட்டாது: இரு பிரதியும் ஒரேமாதிரி மாறியிருந்தால் பொருந்தாத இடம் இல்லை, நொதியம் வெட்டாது. சாதாரண டி.என்.ஏ.யைச் சமமாகக் கலந்து, சூடாக்கி, மெல்ல ஆறவிட்டுச் சோதியுங்கள்.

பிறகு பொறுமை. எம்214கே என்ற பி53 மாற்றம் இரு பிரதியிலும் உள்ள மீன்களில் நரம்புறைக் கட்டிகள் எட்டரை மாதத்தின் பின்தான் தொடங்கின. பதினாறரை மாதத்திலும் 28 சதவீதத்தில்தான் வந்தன. புற்றுநோயைத் தடுக்கும் இன்னொரு மரபணுவான பீ-டென்னில் (PTEN) வேறு சிக்கல்: மீனில் சில மரபணுக்கள் இரட்டையாய் இருக்கும். இதுவும் அப்படித்தான், ஏ, பி இரண்டையும் வெட்டவேண்டும்.

நல்லூர் வாசகர்: கடையில வாங்கின மீன் காணுமோ?

ஊசி பழகக் காணும், ஆய்வுக்குக் காணாது. கைட் பொருந்தும் இடத்தில் எழுத்து மாறியிருந்தால் வெட்டு விழாமல் போகலாம். மைக்கோபக்டீரியத் தொற்றின் வீக்கமும் கட்டிபோல் ஏமாற்றும். இழையத்தை வெட்டிச் சாயமூட்டிப் பார்க்காமல் புற்றுநோய் என்று எழுதாதீர்கள். எங்கட சுண்ணக்கல் கிணற்றுத் தண்ணியையும் முட்டைக்கு விடாதீர்கள். வடித்த நீர் ஒரு லீற்றருக்கு 60 மி.கி. கடலுப்பு, 28.5 பாகை. நெறிமுறைக் குழு அனுமதி முதல் ஊசிக்கு முன்பே கையில் இருக்கவேண்டும்.