பழைய டர்போ கார், மூன்றாவது டாப்-அப் கடன்: இன்ஜினைப் பிரிக்கலாமா?

கேள்வி:

எனக்கு வயது 37. கோவையில் ஜவுளி இயந்திரங்கள் செய்யும் கம்பெனியில் டிசைன் இன்ஜினியர். கைக்கு வரும் சம்பளம் 88,000 ரூபாய். மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, அவருக்கு 22,000. ஒரே மகள், இரண்டாம் வகுப்பு. வாடகை 16,000, பொள்ளாச்சியில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு 10,000, எஸ்.ஐ.பி. 5,000. மியூச்சுவல் ஃபண்டில் இதுவரை 3.8 லட்சம் சேர்ந்திருக்கிறது.

2021 ஜூனில் 4 லட்சம் தனிநபர் கடன் வாங்கி, 2006-ம் வருட ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். எடுத்தேன். கல்லூரி நாளிலிருந்தே கனவு. வாங்கியவுடன் டைமிங் பெல்ட் மாற்றினேன். அடுத்த வருடம் இ.சி.யூ. ரீமேப் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றுவது), எக்ஸாஸ்ட். நான்கே மாதத்தில் கிளட்ச் நழுவ ஆரம்பித்தது. அதற்காக 2022 டிசம்பரில், பழைய பாக்கியையும் சேர்த்து, கடனை 5.5 லட்சமாக டாப்-அப் செய்தேன். கிளட்சோடு, உயரத்தைச் சரிசெய்யக்கூடிய காயில்ஓவர் சஸ்பென்ஷனும் போட்டேன். 2024 ஆகஸ்டில் மறுபடியும் டாப்-அப், 7.5 லட்சம். அதில் டர்போ காற்றைக் குளிர்விக்கும் முன்பக்க இன்டர்கூலர், வீல்கள், வீட்டுச் செலவு கொஞ்சம். கே04 என்ற பெரிய டர்போ, இன்ஜெக்டர்கள், மேனிஃபோல்டு, வலுவான ஃபோர்ஜ்டு கனெக்டிங் ராடுகள் என 1.9 லட்சத்துக்கு வாங்கிய பாகங்கள் இன்னும் பெட்டியிலேயே இருக்கின்றன. இன்ஜினைப் பிரித்து அவற்றைப் போட ஒர்க்‌ஷாப்பில் 2.5 லட்சம் கேட்கிறார்கள்.

இப்போது வங்கி 10 லட்சம் டாப்-அப் தருவதாகச் சொல்கிறது. வட்டி 13.5 சதவீதம்தான், இ.எம்.ஐ. 17,450-லிருந்து 23,000 ஆகும், அவ்வளவுதான். மச்சான், 'டாப்-அப் வேண்டாம், ஃபண்டை அடமானம் வைத்து ஆப்பிலேயே பத்தரை சதவீதத்தில் கடன் எடுங்கள், எஸ்.ஐ.பி.யும் உடையாது' என்கிறார். அம்மா வண்டியையே விற்கச் சொல்கிறார். மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை. மொத்தக் கடன் எவ்வளவு என்று மனைவிக்குத் தெரியாது. என்ன செய்யட்டும்?

பதில்:

பட்ஜெட் போடுங்கள், அவசர நிதி வையுங்கள் என்று உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குவரை கணக்குப் பார்ப்பது உங்கள் வேலை. அதெல்லாம் உங்களுக்குத் தெரியும். வண்டியை விற்றுவிடுங்கள் என்றும் சொல்லப் போவதில்லை. உங்கள் பணத்தைத் தின்பது அந்தக் கார் என்று அம்மா நினைக்கிறார், நீங்களும் பாதி நம்பிவிட்டீர்கள். கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டேன். தின்பது டாப்-அப்.

தோராயமாகக் கணக்குப் போடுவோம். மூன்று கடனுக்கும் 14 சதவீதம், 5 வருடத் தவணை என்று வைத்துக்கொள்கிறேன். நீங்கள் சொன்ன இ.எம்.ஐ. அதற்குப் பொருந்துகிறது. முதல் கடனுக்கு மாதம் 9,300. 18 மாதம் கட்டினீர்கள், ஏறத்தாழ 1.67 லட்சம். அசல் குறைந்தது 92,000 மட்டும். அங்கேதான் முதல் டாப்-அப். 5 வருடக் கடிகாரம் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஓடத் தொடங்கியது. அடுத்த 20 மாதம் 12,800 வீதம் 2.56 லட்சம், அசல் குறைந்தது 1.43 லட்சம். மறுபடி டாப்-அப், கடிகாரம் மறுபடி பூஜ்யம். அதன் பிறகு 16 மாதம், 17,450 வீதம் 2.79 லட்சம்.

ஆக நான்கரை வருடத்தில் வங்கிக்கு நீங்கள் கட்டியது 7 லட்சத்துக்குச் சற்று மேல். அதில் சுமார் 3.15 லட்சம் வட்டி. ஒவ்வொரு டாப்-அப்பிலும் பிடித்த செயல்முறைக் கட்டணமும் அதன் மேல் ஜி.எஸ்.டி.யும் தனி. இன்று நிற்கும் பாக்கி கிட்டத்தட்ட 6 லட்சம். ஆரம்பித்தது 4 லட்சத்தில்! முதல் கடனை அப்படியே விட்டிருந்தால் இந்த ஜூனில் அது முடிந்திருக்கும்.

தவணைக் கடனில் ஆரம்ப மாதங்களில் வட்டிதான் அதிகம் போகும், அசல் பின்னால்தான் வேகமாகக் கரையும். நீங்கள் கரையும் கட்டம் வருவதற்கு முன்பே ஒவ்வொரு முறையும் புதுக் கடனுக்குத் தாவுகிறீர்கள். வங்கிக்கு இதைவிட நல்ல வாடிக்கையாளர் இல்லை. அதனால்தான் 10 லட்சத்தோடு கதவைத் தட்டுகிறது. அந்த 10 லட்சத்துக்கு 23,000 வீதம் 60 மாதம் கட்டினால் மொத்தம் 13.8 லட்சம். 'அவ்வளவுதான்' என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல்லைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதையும் உங்கள் இன்ஜினே சொல்கிறது. தொழிற்சாலையிலிருந்து வந்தபோது அது 1.8 லிட்டர், சிலிண்டருக்கு 5 வால்வு, 150 குதிரைத்திறன், 210 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை). கிளட்ச் அந்த அளவுக்குத் தாங்கும்படி வைக்கப்பட்டது. ரீமேப் போட்டு டர்போவின் அழுத்தத்தைக் கூட்டியதும் அது நழுவியது. கிளட்சை மாற்றினீர்கள். இனி பெரிய டர்போ போட்டால் பழைய இன்ஜெக்டர் தரும் பெட்ரோல் போதாது. இன்ஜெக்டரும் போட்டால் கனெக்டிங் ராடு தாங்குமா என்ற கேள்வி வரும், அதையும் வாங்கிவிட்டீர்கள். ராடும் வலுவானதும் சுமை கியர்பாக்ஸுக்குப் போகும். ஒரு பாகத்தின் பலம் அடுத்த பாகத்தின் பலவீனத்தைக் காட்டும். இந்த வேலையில் இருக்கிற எல்லோருக்கும் இது தெரியும், அதன் இன்பமும் அதில்தான் இருக்கிறது. ஆனால் கிளட்ச் நழுவிய அன்று வண்டிக்கென்று தனியாக 40,000 ரூபாய் சேர்ந்திருந்தால் கிளட்சை மட்டும் மாற்றியிருப்பீர்கள். சேமிப்பு இல்லாததால் கடன். கடன்தான் எடுக்கிறோமே என்று சஸ்பென்ஷனும் கூடவே வந்தது. டாப்-அப் பணம் மொத்தமாக வருவதால் தேவைக்குப் பக்கத்தில் ஆசையையும் உட்கார வைத்துவிடுகிறது.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றைப் பார்த்துத்தான் எனக்குப் பதற்றம் வந்தது. டைமிங் பெல்ட்டை 2021-ல் மாற்றினீர்கள். இந்த வருடம் அதற்கு 5 வயது. ரப்பர் பெல்ட்டுக்குக் கிலோமீட்டர் மட்டுமல்ல, வயதும் கணக்கு. இந்த இன்ஜினில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வை இடிக்கும். சிலிண்டர் ஹெட் போய்விடும். 4.4 லட்ச ரூபாய்த் திட்டத்தில் (பெட்டியில் இருக்கும் 1.9, கூலி 2.5) பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் என்ற மூன்று பெயர்களும் இல்லை. பம்பை மாற்றும்போது பழையதில் தண்ணீரைத் தள்ளும் சக்கரம் (இம்பெல்லர்) பிளாஸ்டிக்கா என்று பாருங்கள். இந்த வரிசை இன்ஜின்களில் அது உடைந்து போவது பழைய குறை. இக்னிஷன் காயில்கள், காய்ந்துபோன வாக்குவம் குழாய்கள், 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலை நினைத்துக்கூடப் பார்க்காத காலத்தில் செய்த எரிபொருள் ரப்பர் குழாய்கள், இவையெல்லாம் 20 வயது வண்டியில் முறைக்குக் காத்திருக்கின்றன. டர்போவுக்கு முன்னால் இவைதான்.

மச்சான் சொன்ன யோசனைக்கு வருகிறேன். ஃபண்டை அடமானம் வைக்கும் கடன் இப்போது எல்லா ஆப்பிலும் மின்னுகிறது. இரண்டு வாரத்தில் பணம் வரும் என்று உறுதியாகத் தெரிந்த ஒருவருக்கு அது உதவலாம். உங்களுக்கு அல்ல. 14 சதவீத வட்டிக்கு 6 லட்சம் பாக்கி வைத்துக்கொண்டு, 12 சதவீதம் வரலாம் என்ற நம்பிக்கையில் ஃபண்டைத் தொடாமல் இருக்கிறீர்கள். வட்டி நிச்சயம், வருமானம் நிச்சயமில்லை. இதில் அந்த ஃபண்டின் மேலேயே இன்னொரு கடனா? சந்தை இறங்கினால் அடமானத்தின் மதிப்பும் இறங்கும். கூடுதல் பணம் கட்டுங்கள் அல்லது யூனிட்டை விற்போம் என்று செய்தி வரும். எஸ்.ஐ.பி.யை நிறுத்துவது ஏதோ பாவம் என்பதுபோல இப்போது ஒரு எண்ணம் பரவியிருக்கிறது. எனக்கு அதில் பொறுமை இல்லை. அது ஒரு கருவி. உங்கள் குடும்பத்துக்காகத்தான் அது இருக்கிறது.

எனவே 3.8 லட்சத்தில் 2.4 லட்சத்தை எடுத்துவிடுங்கள். ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்த பங்கு சார்ந்த ஃபண்டில் நிதியாண்டுக்கு 1.25 லட்சம் வரை லாபத்துக்கு வரி இல்லை. உங்கள் லாபம் அதற்குள்தான் வரும் என்று நினைக்கிறேன், விற்கும் முன் ஒருமுறை சரிபாருங்கள். மீதி 1.4 லட்சம் வீட்டு ஆபத்துக்கு. அதில் கை வைக்காதீர்கள்.

பெட்டியில் இருக்கும் பாகங்களை விற்றுவிடுங்கள். இதைச் சொல்லும்போது உங்களுக்கு வலிக்கும் என்று தெரியும். ஆனால் பிரிக்காத பெட்டிக்குக் கிடைக்கும் விலை, வண்டியில் மாட்டிய பிறகு கிடைக்காது. இந்தக் காரை வாங்க வருகிறவர் முதலில் கேட்பது 'ஒரிஜினலா?' என்றுதான், மாட்டிய டர்போவுக்குத் தனிக் காசு தரமாட்டார். ஆர்வலர் குழுக்களில் நிதானமாகப் போட்டால் 1.9 லட்சத்துச் சாமானுக்கு 1.2 லட்சம் கிடைக்கலாம். ஆக 3.6 லட்சம். அதை அசலில் கட்டினால் பாக்கி 2.4 லட்சத்துக்கு இறங்கும். அதே 17,450-ஐத் தொடர்ந்து கட்டினால் இன்னும் 44 மாதம் ஓட வேண்டிய கடன் 15 மாதத்தில் முடியும். மிச்சமாகும் வட்டி கிட்டத்தட்ட ஒன்றரை லட்சம். கட்டும்போது 'தவணைத் தொகையைக் குறைக்க வேண்டாம், மாதங்களைக் குறையுங்கள்' என்று எழுத்தில் கொடுங்கள். தனிநபர் கடனில் முன்கூட்டிக் கட்டுவதற்குச் சில வங்கிகள் உச்சவரம்பும் கட்டணமும் வைத்திருக்கும். ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். ஒரே தடவையில் முடியாவிட்டால் இரண்டு தடவையாகக் கட்டுங்கள்.

எஸ்.ஐ.பி. 5,000-ஐக் கடன் முடியும்வரை நிறுத்தி, அதைத் தனிச் சேமிப்புக் கணக்கில் போடுங்கள். பெயர் 'வண்டி' என்றே இருக்கட்டும். முதலில் டைமிங் பெல்ட் செலவு அதிலிருந்து. பிறகு ஆயில், டயர், இன்சூரன்ஸ். எல்லாம் போக மீதி நின்றால் உங்கள் ஆசைக்கு. அந்தக் கணக்கில் இல்லாத பணத்துக்கு ஒரு போல்ட் கூட வேண்டாம்.

இன்சூரன்ஸ் என்றதும் இன்னொன்று. ரீமேப், எக்ஸாஸ்ட், சஸ்பென்ஷன் இவற்றைக் கம்பெனிக்குச் சொன்னீர்களா என்று கடிதத்தில் இல்லை. சொல்லாத மாற்றத்தைக் காரணம் காட்டிச் சொந்தச் சேத இழப்பீட்டை மறுக்க இடம் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அடிப்படை விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. செட்டிப்பாளையம் கரி மோட்டார் பந்தய ட்ராக்கில் ஓட்டுகிற ஆசை இருந்தால், பந்தயமும் வேகச் சோதனையும் சாதாரண பாலிசிக்கு வெளியே என்பதையும் நினைவில் வையுங்கள். அங்கே சுவரில் மோதினால் முழுச் செலவும் உங்களுடையது. அந்த வாரமே வங்கியிலிருந்து ஒரு டாப்-அப் அழைப்பு வரும்.

2006 வண்டி என்றால் 15 வருடம் முடிந்து 2021-ல் ஆர்.சி. புதுப்பிக்கப்பட்டிருக்கும், அந்த 5 வருடம் இந்த ஆண்டு முடிகிறது. தேதியைப் பாருங்கள். 20 வயது தாண்டிய கார்களுக்குப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 5,000-லிருந்து 10,000 ஆக்கிவிட்டார்கள். பசுமை வரியும் சோதனைக்கு வண்டியைத் தயார் செய்யும் செலவும் சேரும். எக்ஸாஸ்ட் சத்தத்தோடும் புகையோடும் ஆர்.டி.ஓ. மைதானத்தில் போய் நிற்காதீர்கள். பழைய ஒரிஜினல் எக்ஸாஸ்டை நீங்கள் தூக்கிப் போட்டிருக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

அம்மாவிடம், வண்டியை இப்போது விற்றால் 3 லட்சத்துக்கு மேல் தேறுவது கஷ்டம், கடன் பாதியில் நிற்கும், டாப்-அப் பழக்கம் அப்படியே இருக்கும் என்று சொல்லுங்கள். இன்னும் 15 மாதம் கழித்து, கடனில்லாத ஒரு ஆளாக, வைத்துக்கொள்வதா விற்பதா என்று நீங்களே முடிவு செய்யலாம். இடையில் ஒரே ஒரு தவணை தவறினாலும், ஒரே ஒரு டாப்-அப் எடுத்தாலும் அன்றே விற்றுவிடுங்கள். அந்த நிபந்தனையில் நான் இறங்கி வரமாட்டேன்.

மனைவியிடம் இந்த ஞாயிற்றுக்கிழமையே உட்காருங்கள். 7 லட்சம் கட்டியது, 3.15 லட்சம் வட்டி, 6 லட்சம் பாக்கி என்ற மூன்று எண்களையும் ஒரே தாளில் எழுதிக் காட்டுங்கள். அவருடைய 22,000 ரூபாயும் இந்தக் கடனைச் சுமந்திருக்கிறது. அவருக்குத் தெரியாமல் சுமந்திருக்கிறது. கோபப்படுவார், படட்டும். பிறகு வங்கியின் டாப்-அப் அழைப்புகளை நிறுத்தச் சொல்லி எழுதும் மின்னஞ்சலை அவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அனுப்புங்கள்.